ரஃபாவுக்கு முதலில் பேசியவள் நான்

டேய் பிரபு,

இதை நீ படிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் அனுப்புகிற குரல் செய்தியையே இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிற பிள்ளை நீ. அதனால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன். நீ படிக்காவிட்டாலும் மயிலாப்பூரில் பாதிப் பேர் படித்துவிட்டு, காய்கறிக் கடையில் உன்னை நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. மகனுக்குக் கல்யாணம் வருகிறதே மேடம், ஒரு அம்மாவாக நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள், வாசகர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்றார். மாதாமாதம் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதைப் படித்து அவர்களுக்குச் சிரிப்பே ஒழுங்காக வருவதில்லை, தண்ணீருக்கு எங்கே போவது? என்னிடம் கைவசம் இருப்பது பொறாமை ஒன்றுதான். அதையே எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை தி. நகர் டப்பிங் ஸ்டுடியோவிலிருந்து சவுண்ட் இன்ஜினியர் பாபு போன் செய்தான். நம் ரஃபாவின், அதாவது ஹாலிவுட் நடிகன் ரஃபேலின், புதுப்படம் தமிழுக்கு வருகிறதாம். ரஃபேலுக்கு வழக்கம்போல் நீ பேசுகிறாய். படத்தில் அவனுக்கு ஒரு பொடியன் மகன் உண்டு. அந்தப் பொடியனுக்கு, உனக்குக் கழுத்தை நீட்டப்போகிற பவித்ரா பேசுகிறாள். எனக்கு என்னடா என்றேன். "ரஃபாவோட அம்மா கேரக்டர்க்கா. ஒரே சீனு தான். ஆனா வெயிட்டு" என்றான். கல்யாணம் முடிந்த பிறகுதான் வேலை, அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டான். நீயும் அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று, செய்யறியா மாட்டியாம்மா என்று கேட்டாய். நான் குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் உப்புப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நேரே கடைசிப் பத்திக்குப் போய்விடாதே. நான் பட்ட வயிற்றெரிச்சலை வரிசையாகப் பட்டுவிட்டுத்தான் நீ அங்கே போக வேண்டும்.

வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவிலும் டிவியிலும் வரும் சின்னப் பையன்களுக்குப் பெரும்பாலும் சின்னப் பையன்கள் பேசுவதில்லை. அவர்களைக் கூட்டிவந்தால் மைக்குக்கு முன்னால் நிற்க மாட்டார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், அவர்களுடைய அம்மாக்கள் நமக்கு நடிப்புச் சொல்லித்தருவார்கள். அதனால் கீச்சுக்குரல் உள்ள பெண்களைத் தேடிப் பிடித்துப் பேச வைக்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பொண்ணுக்குக் குரல் கொஞ்சம் கீச்சு என்று உன் அத்தை குறை சொன்னாளாம். அந்தக் குறையை வைத்துத்தான் இருபது வருஷம் பிழைத்தேன். பையன்கள், பொம்மைகள், ஒரு தடவை ஒரு ஆட்டுக்குட்டி. பெண்ணுக்கு மட்டும் பேசியதே இல்லை.

அப்படித்தான் ரஃபா எனக்கு வந்தான். லாஸ் ஏஞ்சலஸில், மெக்சிகோவிலிருந்து போய்க் குடியேறிய அப்பா அம்மாவுக்குப் பிறந்தவன். அப்பா வீடுகளுக்குக் கூரை போடுகிறவர், அம்மா வீடுகளைக் கூட்டித் துடைக்கிறவள். ஆறு வயதில் ஒரு சிரிப்பு சீரியலில் பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாக நடிக்க வந்தான். முன்பல் இரண்டும் இல்லை. அந்த ஓட்டை வழியாக அவன் சிரித்தால், ஊர் உலகமே தன் பிள்ளையை விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொள்ளும். உன்னைவிட மூத்தவன்தான். ஆனால் சீரியல் அங்கே ஓடித் தேய்ந்துதான் இங்கே வந்து சேரும் என்பதால் தமிழில் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்றால்தான் எனக்கு அவன் வருவான். குதிகால் தரையைத் தொட்டால் போயிற்று, பையன் ஓடிப்போய் மாமி வந்துவிடுவாள்.

காலையில் போனால் சாயங்காலம்வரை அவனாக நின்றுவிட்டு, பஸ்ஸைப் பிடித்து மயிலாப்பூர் வந்து சேரும்போது தொண்டை காலியாக இருக்கும். மறுநாளும் அவனுக்கு வேண்டுமே என்று மிச்சத்தைப் பொத்தி வைத்துக்கொள்வேன். உனக்குச் சோறு என்றால் வாயைத் தொட்டுக் காட்டுவேன். பாடம் படி என்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன். படுக்க வைத்துக் கதை சொல்லச் சொன்னால் முதுகில் தட்டுவேன். வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள், பாவம் அவளுக்கு வாய் பேச வராதோ என்று உன் அப்பாவிடம் விசாரித்திருக்கிறார்கள். அவர் மறுக்கவே இல்லை. வாழ்க்கையில் அவர் நிம்மதியாக இருந்த காலம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீரியல் ஓடும். நீ டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பாய். ஒரு நாள் எழுந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாய். திரும்பி வந்து என்னிடம், "அம்மா, நீ ஏன் அவனுக்குள்ள இருக்க?" என்றாய். சும்மா பேசறேன்டா, வேலைடா என்று கிசுகிசுத்தேன். "அவனுக்கு மட்டும் சத்தமா பேசற" என்றாய். பிறகு நேரே சமையலறைக்குப் போய்ப் பூரிக்கட்டையை எடுத்து வந்து ரஃபா மேல் வீசினாய். குறி தவறிச் சுவரில் இருந்த காலண்டரில் பட்டது. அன்றைக்குப் பொறாமை உன்னுடையது. எனக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு. பொறாமை வீட்டுக்குள் சுற்றி வருகிற சாமான், இன்றைக்கு உன் கையில் இருந்தால் நாளைக்கு என் கைக்கு வரும் என்று அப்போது தெரியவில்லை.

வந்தது. எட்டாவது சீசன், ரஃபா மாடிப்படியில் நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிடுகிற காட்சி. ஹெட்ஃபோனில் அவனுடைய ஆங்கிலக் குரல் ஓடியது. அக்காவின் பெயரில் முதல் பாதி மேலே போனது, இரண்டாம் பாதி கீழே விழுந்து உடைந்தது. நான் குதிகாலைத் தூக்கி நின்றபடியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பாபு பட்டனை அழுத்தி, "அக்கா, பையனுக்குக் கொரல் ஒடஞ்சிடுச்சுக்கா" என்றான். சாவுச் செய்தி சொல்கிற மாதிரி சொன்னான். அன்று பஸ்ஸுக்கு நிற்கத் தெம்பில்லாமல் ஆட்டோவில் வந்தேன். தேனாம்பேட்டை சிக்னலில் அழ ஆரம்பித்தவள் லஸ் வருகிறவரை நிறுத்தவில்லை. ஆட்டோக்காரர் என்ன நினைத்தாரோ, பத்து ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார்.

இனி ரஃபாவுக்கு வளர்ந்த பையன் குரல் வேண்டும் என்றார்கள். யார் யாரையோ கூப்பிட்டு டெஸ்ட் எடுத்தார்கள். நானும் உன்னைக் கூட்டிப்போனேன். எதற்குக் கூட்டிப்போனேன் என்று இதுவரை நீ கேட்டதில்லை. தாய்ப்பாசம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நீ சொதப்புவாய், வேறு யாரும் தேற மாட்டார்கள், இன்னும் ஒரு சீசனுக்கு நீங்களே சமாளியுங்கள் அக்கா என்று என்னிடமே வந்து நிற்பார்கள் என்றுதான் கூட்டிப்போனேன். நீ மைக்குக்கு முன்னால் போய் நின்றாய். அந்த மாடிப்படிக் காட்சியைத்தான் போட்டார்கள். ஒரே டேக். உதடும் வார்த்தையும் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. பாபு எழுந்து நின்றே கை தட்டினான். நானும் தட்டினேன், கொசு அடிக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு அவன் உன்னுடையவன். சீரியல் முடிந்தது, ரஃபாவுக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. அந்த முகத்துக்கும் அந்தப் பெயருக்கும் அங்கே எழுதி வைத்திருந்தது நாலே வேஷம்: தோட்டக்காரன், திருடன், போதைப்பொருள் கடத்துகிறவன், கடத்துகிறவனுக்குக் கார் ஓட்டுகிறவன். எந்தப் படமாக இருந்தாலும் பாதிக்குள் சுடப்பட்டுவிடுவான். நம் ஊர் வசனகர்த்தாக்கள் அவர்களுக்குச் சளைத்தவர்களா? வெள்ளைக்கார ஹீரோ மார்பில் குண்டு பாய்ந்து சாகும்போதும் இலக்கணமாகச் சாவான். ரஃபா வாயைத் திறந்தால் மட்டும் மெட்ராஸ் பாஷை. மயிலாப்பூரில் வளர்ந்த உனக்கு அது எங்கே வரும்? திருவல்லிக்கேணிக்காரன் பாபுதான் உன்னை மேன்ஷன் பக்கத்து டீக்கடைகளில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தான். "இன்னா நைனா, கீதுன்னு இப்டி இழுக்கற? கடிச்சுத் துப்பு" என்று அவன் சொல்ல, நீ வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே கீது, கீது என்று துப்பிப் பழகினாய்.

ஒரு பேட்டியில் ரஃபா சொன்னான், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இயல்பாக அந்த உச்சரிப்பே கிடையாது, நடிக்கக் கூப்பிடுகிறவர்கள் கேட்கிறார்கள், போட்டுக்கொள்கிறேன் என்றான். நீ அதைக் கேட்டுவிட்டு, அவனும் டப்பிங்தான் பண்றாம்மா என்றாய். நல்ல வாக்கியம். அதைத் திருடி அந்த மாதக் கட்டுரையில் போட்டுக்கொண்டேன், உன் பெயரைச் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் உன் பெயர் எனக்குக் குமட்ட ஆரம்பித்திருந்தது. கீரை வாங்கப் போனால் கீரைக்காரம்மா, "உங்க பையன்தானே அந்த பவுடர் விக்கிறவரு? இன்னாமா பேசறாரு" என்பாள். பல வருஷம் அதே ரஃபாவுக்குப் பேசினேனே, ஒரு கட்டு கொத்தமல்லியாவது சும்மா கொடுத்திருப்பாளா?

அப்புறம் ஆஸ்பத்திரி சீரியல் வந்தது. ரஃபா டாக்டரானான். வெள்ளைக் கோட்டைப் போட்ட மறுநாளே அவனுடைய தமிழ் திருந்திவிட்டது, நோயாளியின் நிலைமை கவலைக்கிடமாக உள்ளது என்றெல்லாம் பேசினான். அதற்கு விருது கொடுத்தார்கள். அவன் மேடையில் ஏறி நின்று, கூட்டத்தில் நீலக் கவுன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டி ஸ்பானிஷில் ஏதோ சொன்னான். கேமரா அவளிடம் போனது. அழுகிறாள். இங்கே சோபாவில் நான் கொதிக்கிறேன். பெற்றவள்தான், வளர்த்தவள்தான், நாலு வீடு துடைத்து ஆளாக்கியவள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனுக்காக ஒரு வரி பேசியிருப்பாளா? நீ திரும்பி என்னைப் பார்த்து, என்னம்மா, உனக்கு எதுக்கு மூஞ்சி அப்படிப் போகுது என்று கேட்டாய். அஜீரணம் என்றேன்.

இந்த நிலைமையில்தான் பவித்ரா வந்தாள். அடையாற்றில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பஜ்ஜி நன்றாகவே இருந்தது, குறை சொல்ல வழியில்லை. அவளும் டப்பிங்தான் என்று சொல்லியிருந்தாய், என்ன குரல் என்று சொல்லவில்லை. காபியை நீட்டி, "அத்தை, சர்க்கரை சரியா இருக்கா பாருங்க" என்றாள். கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கீச்சு. என்னுடைய கீச்சு, புதுசாக, கீறல் இல்லாமல். சர்க்கரை அதிகம் என்றேன்.

ரஃபாவின் மகனுக்கு அவளை டெஸ்ட் எடுக்கிறார்கள் என்று பாபு மூலம் தெரிந்தது. பொடியனுக்கு முதலில் என்னைத்தானே கேட்டிருக்க வேண்டும்? டிபன் கேரியரைத் திருப்பி வாங்குகிற சாக்கில் ஸ்டுடியோவுக்கு வந்தேன். டிபன் கேரியர் வீட்டில்தான் இருந்தது. நீயும் அங்கேதான் நின்றிருந்தாய். பாபுவுக்குப் பின்னால் உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்தேன். அப்பா வேலைக்குப் போகக் கூடாது என்று பொடியன் கதவை மறித்துக்கொண்டு நிற்கிற காட்சி. உதடு ஒட்டுகிறதா, எங்கே வழுக்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வழுக்கவில்லை. கடைசியில் பாபு பெருமூச்சு விட்டு, பொண்ணு பின்னிடுச்சுக்கா என்று சொன்ன பிறகுதான் மானிட்டரை விட்டு, கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். செருப்பு ஓரமாகக் கிடந்தது. அவள் நுனிக்காலில் நின்றிருந்தாள்.

என் குதிகால். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. உனக்கும் சொல்லவில்லை. டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்த பிள்ளை, வேறு எங்கே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு அவளுக்குச் சொன்னாயோ.

கீழே டீக்கடையில் நமக்கு நடந்த சண்டையை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் வாக்கிய முடிவில் காற்றை விடுகிறாள், ஆறு வயசுப் பையனுக்கு அவ்வளவு காற்று ஏது என்றேன். நீ டம்ளரைக் கீழே வைத்தாய்.

"அவ உள்ள நிஜமாவே அழுதாம்மா. அது உனக்குத் தெரிஞ்சுதா? தெரியாது. நீ ஸ்கிரீனைத்தான் பாத்துட்டு இருந்த."

அது தொழில்டா என்றேன். திரையில் உதட்டைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

"சரி. ரஃபாவுக்கு எப்ப குரல் உடைஞ்சுது?"

எட்டாவது சீசன், மாடிப்படி சீன் என்றேன். நீ கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டேன்.

"எனக்கு?"

நீ காசு கொடுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு கல்யாண மண்டபம், பந்தி, பத்திரிகை அடிப்பது என்று எல்லாவற்றையும் நாம் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: அந்த ஆட்டோவில் அழுதுகொண்டு வந்த அன்று வீட்டுக்குள் நுழைந்ததும், பசிக்குது என்று யாரோ கட்டைக் குரலில் சொன்னார்கள். உன் அப்பா என்று நினைத்துத் தோசைக்கல்லைப் போட்டேன். சாப்பிட உட்கார்ந்தது நீ.

இத்தனைக்கும் பிறகுதான் பாபுவின் அந்தத் திங்கட்கிழமை போன். அம்மா கேரக்டர். வயசாகிவிட்டது, இனி நுனிக்கால் வேண்டாம், ஓரமாக உட்கார் என்கிறீர்கள் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். யார் கொடுத்த யோசனை என்று பாபுவைக் குடைந்தேன். முதலில் மழுப்பினான். பிறகு, "உங்க புள்ளதான்கா சொன்னான். வேற யார்னாச்சும் பேசினா நான் ரஃபாவுக்கே பேசலன்ட்டான்" என்றான். இதைச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டான். அதனால் இங்கே எழுதியதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காட்சியை எனக்கு அனுப்பியிருந்தான். பல வருஷம் கழித்து ரஃபா வீட்டுக்கு வருகிறான். கதவைத் திறந்த அம்மா கொஞ்ச நேரம் பார்க்கிறாள், வந்துட்டியா என்கிறாள். சாப்பிடச் சொல்கிறாள். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கூடத்தில் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பையன் சொல்கிற மாதிரி இருந்தது. குதிகாலை அழுத்தி ஊன்றிக்கொண்டு சொன்னேன். குதிகாலை ஊன்றிய பையன் சொல்கிற மாதிரி இருந்தது. பொம்மை வந்தது, ஒரு தடவை ஆட்டுக்குட்டிகூட வந்தது. இப்படியே போனால் ஆகாது என்று நாற்காலியில் உட்கார்ந்து, எதையும் செய்யாமல், வாயில் வந்தபடி சொன்னேன். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்றார். நான்தான் என்றேன். "நீயா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். பாவம், முப்பது வருஷக் குடித்தனத்தில் கேட்காத குரல்.

ஆசிரியர் கேட்ட நல்ல வார்த்தை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். உங்கள் இரண்டு பேருக்கும் தொண்டைதான் சோறு போடுகிறது. ஸ்டுடியோவுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டுக்கு வேண்டியதைக் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். முதுகில் தட்டினால் கதை ஆகாது. இன்னொன்று, பவித்ரா காற்று விடுகிறாள் என்று நான் சொன்னது நிஜம். அதை நிறுத்த ஒரு வழி இருக்கிறது, அது என் ஒருத்திக்குத்தான் தெரியும். கேட்டால்கூட இப்போது சொல்ல மாட்டேன். மாமியார் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறேன்?

இனிக் கடைசிப் பத்தி. வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. நான் ஒரு நாள், நீ ஒரு நாள் என்று இப்போது நடக்கிற மாதிரி தனித்தனியாகப் பேச மாட்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேசின மாதிரி நீயும் நானும் ஒன்றாக நிற்க வேண்டும். பாபுவிடம் கேட்டுவிட்டேன். தனித்தனி டிராக் இல்லாவிட்டால் மிக்ஸிங்கில் என்னை உரித்துவிடுவார்கள் அக்கா என்று புலம்பிவிட்டு, சரி, ரெண்டு மைக் போடறேன் என்றான். ரஃபாவின் அம்மாவுடைய உதட்டை நான் பாடம் பண்ணிவிட்டேன். எப்போது திறக்கிறாள், எங்கே எச்சில் விழுங்குகிறாள், எல்லாம் தெரியும், திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கதவு திறக்கும். நீ வழக்கம்போல் அவன் உதட்டைப் பார். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு பேசுகிறேன். ரஃபாவைப் பார்த்துக்கொள்ள அவனுக்கு நீலக் கவுன் போட்ட அம்மா ஒருத்தி இருக்கிறாள்.